நாப்கின் யூனிட் தொடங்கப்போகும் தங்கைக்கு



உன் கடிதத்தில் முக்கால்வாசி இயந்திரங்களைப் பற்றித்தான் இருந்தது. நிமிடத்துக்கு இத்தனை பேட் என்று ஒருவர் சொல்கிறார், அதே விலைக்கு இன்னும் வேகமான மெஷின் தருகிறேன் என்று இன்னொருவர் சொல்கிறார், யாரிடம் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். நாப்கின் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களில் பலர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் உனக்குச் சொல்வதை அவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வேகத்தை இப்போதைக்கு ஒதுக்கி வை. நூற்பாலையில் ஷிஃப்டுக்குப் போகும் பெண்ணை நினைத்துக்கொள். அவள் எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் வேலை செய்கிறாள். பாத்ரூம் போக மேஸ்திரியைக் கேட்க வேண்டியிருக்கும், கேட்டாலும் உடனே விடமாட்டார்கள். காலையில் வைத்த பேட் மதியம் வரைக்கும், சில நாள் ஷிஃப்ட் முடியும் வரைக்கும் தாங்க வேண்டும். நீ வாங்கும் மூலப்பொருள், மெஷின், வைக்கும் ஆள், போடும் விலை எல்லாவற்றையும் அந்த எட்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய். பேட் உறிஞ்சினால் மட்டும் போதாது. உறிஞ்சியதை, அவள் உட்கார்ந்தாலும் குனிந்தாலும், வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டும். இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் அந்தப் பிடித்து வைப்பதில்தான் இருக்கிறது.

முதலில் மரக்கூழைப் படி. நம் கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் 1998-ல் தன் மனைவிக்காகத் தேடத் தொடங்கியபோது பஞ்சைத்தான் வைத்துப் பார்த்தார், அது சரிப்படவில்லை. பெரிய கம்பெனிகளின் பேடுக்குள் இருப்பது பைன் மரத்தின் செல்லுலோஸ் நார் என்று அவருக்குத் தெரியவரவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த ஒன்று தெரிந்த பிறகுதான் அவருடைய மெஷின் பிறந்தது. கோடிக்கணக்கில் விலை சொன்ன இறக்குமதி லைனுக்கு எதிரே சுமார் 65,000 ரூபாயில், கூழை உடைப்பது, அச்சில் அழுத்துவது, உறை போட்டு ஒட்டுவது, புற ஊதா விளக்கில் வைப்பது என்று நான்கு படிகளாகப் பிரித்து, பெண்கள் கையாலேயே ஓட்டும்படி அமைத்தார். 2016-ல் பத்மஸ்ரீ வந்தது, 2018-ல் இந்தியில் படமே வந்தது. பாராட்டியவர்கள் எல்லோரும் விலைக் குறைப்பைப் பாராட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, மெஷினை வரைவதற்கு முன் அவர் பொருளைத் தெரிந்துகொண்ட வரிசை.

பைன் நாருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஊசியிலை மரத்தின் நார் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். யூகலிப்டஸ் நார் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. நீள நார்கள் ஒன்றோடொன்று பின்னி, நடுவே ஈரம் நிற்க இடம் விட்டு, நனைந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கும். புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து நல்ல காகிதம் செய்கிறோமே, அந்தக் கூழை எடுக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாய். காகிதத்துக்கு அது நல்ல கூழ். பேடின் உள்பகுதியான கோருக்கு அந்தக் குட்டை நார் தாங்காது. உலகத்தில் பேடுக்கும் டயபருக்கும் போகும் ஃபிளஃப் பல்ப் என்ற கூழ் பெரும்பாலும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் விளையும் பைன் மரங்களிலிருந்துதான் வருகிறது. டாலர் ஏறினால் உன் கோர் விலை ஏறும் என்பதையும் இப்போதே கணக்கில் எழுதிக்கொள்.

இந்தக் கூழ் கெட்டியான அட்டை போல ரோலாக வரும். ஹேமர் மில்லில் போட்டு அதை நார் நாராகப் பிரிக்க வேண்டும். வில் போட்டுப் பஞ்சு கொட்டுகிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று கைப்பழக்கத்தில் அறிந்திருப்பார், இங்கேயும் அப்படித்தான். குறைவாக அடித்தால் உடையாத முடிச்சுகள் தங்கிவிடும், அந்த இடத்தில் ஈரம் ஏறாது. அதிகமாக அடித்தால் நார் நொறுங்கித் தூசியாகும். சுத்தியல்கள் தேயத் தேய முடிச்சு கூடிக்கொண்டே போகும், பேடை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பேடை வெட்டி, கோரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். திட்டுத் திட்டாக நிழல் தெரிந்தால் மில்லைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. கூடவே கோரின் எடையை நிறுத்து எழுது. ஒரு பாக்கெட்டில் ஒரு பேட் கனமாகவும் இன்னொன்று லேசாகவும் இருந்தால், லேசான அந்த ஒன்றுதான் அவள் நினைவில் நிற்கும்.

அடுத்தது ஜெல் பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட், நம் தொழிலில் எஸ்ஏபி என்பார்கள். 1960-களில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வகத்தில் ஸ்டார்ச்சிலிருந்து தொடங்கிய வேலை இது. 1978-ல் ஜப்பானில் நாப்கினுக்குள் போயிற்று. கையளவு தடிமனாக இருந்த பேட் விரலளவுக்கு மெலிந்தது இதனால்தான். விற்க வருகிறவர் ஒரு டம்ளரில் கொஞ்சம் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டும் விழாது. மயங்கிவிடாதே. சுத்தத் தண்ணீரை அது தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பைக் கரைத்து ஊற்றிப் பார், பல மடங்கு குறைந்துபோகும். ரத்தத்தில் உப்போடு புரதமும் அணுக்களும் இருக்கின்றன, அதில் இன்னும் குறையும். இன்னொன்றும் உண்டு. பொடி ஓரிடத்தில் குவிந்துவிட்டால் மேலே இருப்பது உப்பிக் களியாகி, கீழே இருப்பதற்கு வழியை அடைத்துவிடும். பொடியைக் கூழ் நாருக்குள் பரவலாகத் தூவும் மெஷின்தான் நல்ல மெஷின். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்பதை விட எப்படித் தூவுகிறீர்கள் என்று கேள்.

நிறைய உறிஞ்சினால் நல்லது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் ரிலை என்ற மிக அதிகம் உறிஞ்சும் டாம்பனை 1980 செப்டம்பரில் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். டாக்ஸிக் ஷாக் என்ற நோயோடு அதற்குத் தொடர்பு தெரியவந்ததுதான் காரணம். உடலுக்குள் வைக்கும் டாம்பனும் வெளியே வைக்கும் பேடும் வேறு வேறு என்பது சரிதான். ஆனால் உறிஞ்சும் அளவை மட்டும் துரத்திய ஒரு பொருள் எத்தனை பெண்களுக்கு ஆபத்தாயிற்று என்று இந்தத் தொழிலுக்கு வருகிற யாரும் தெரிந்திருக்க வேண்டும்.

மேல் தாளைப் பற்றி. நான்-ஓவன் துணி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். அது இயல்பில் தண்ணீரை ஒட்டவிடாது. ஈரத்தை உள்ளே இழுக்கும் பூச்சு கொடுத்த ரோலும் உண்டு, பூச்சே இல்லாத ரோலும் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ரோல் வந்து இறங்கியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் திருப்பி அனுப்பு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் உலர்வாக இருக்கும் என்று விளம்பரம் செய்வார்கள், இருக்கும்தான். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிற பெண்ணுக்குத் தொடையிடுக்கில் அது உரசிப் புண்ணாக்கும். நம் ஊருக்கு மெத்தென்ற நான்-ஓவன் தாளே ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. ஓரத்தை வெப்பத்தில் ஒட்டும்போது சூடு கூடினால் விளிம்பு பிளாஸ்டிக் போல விறைத்துக் கீறும். தினமும் அந்த விளிம்பை உன் கழுத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடு.

இனி மெஷின். இத்தாலியின் பெஸ்காராவுக்கு அருகே ஃபாமெக்கானிகா, ஜப்பானின் ஒசாகாவில் ஸுய்கோ, அமெரிக்காவில் 1932 முதல் இருக்கும் ஜோவா போன்ற நிறுவனங்கள் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் பேட் தள்ளும் லைன்களைச் செய்கின்றன. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், சுவான்ஜோவைச் சுற்றி, நடுத்தர விலையில் செய்கிறவர்கள் நிறையப் பேர். எந்த ஊர் மெஷினாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பல ரோல்கள் ஒரே நேரத்தில் அவிழ்ந்து வர, கோர் நடுவில் உட்கார, பசை விழ, ஒட்டி, வெட்டி, மடித்து வெளியே வரும். இதில் ஆள் கவனிக்க வேண்டியது இழுவிசை. நான்-ஓவன் இழுத்தால் நீண்டு, அகலத்தில் சுருங்கும். இழுத்தபடியே ஒட்டி வெட்டினால், வெட்டுப்பட்ட பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பேட் வாழைச் சருகு மாதிரி வளைந்துகொள்ளும். வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்தத் தொல்லை கூடும். அடுத்தது ஹாட்-மெல்ட் பசை. தொட்டியில் நாள் கணக்காகக் காய்ந்தால் கருகித் துணுக்காகி நாசிலை அடைக்கும். அடைத்த நாசிலுக்குக் கீழே வந்த பேடில் பசைக்கோடு பாதியில் நின்றுபோயிருக்கும். அது உள்ளாடையில் நிற்காமல் நகரும். மெஷினை டெமோ பார்க்கப் போகும்போது, ஓட்டிக் காட்டச் சொல்வதோடு நிறுத்தாதே. நடுவில் நிறுத்தி, ரோல் மாற்றி, நாசிலைக் கழற்றி மாட்டி, திரும்ப ஓட்டச் சொல். அந்த வேலையைத்தான் உன் பெண்கள் தினமும் செய்யப்போகிறார்கள்.

புற ஊதா விளக்கை நம்பிச் சுத்தத்தை விட்டுவிடாதே. ஒளி படுகிற மேற்பரப்பில் மட்டும்தான் அது வேலை செய்யும், கோருக்குள் இறங்காது. மரக்கூழ் ரோலைத் தரையில் வைத்து, மழைச்சாரல் பட்டு, எலி ஓடிய கோடவுனிலிருந்து எடுத்து வந்தால் எந்த விளக்கும் காப்பாற்றாது. தரையிலிருந்து உயர்த்தி, உறை பிரிக்காமல் வை. தலைக்கு வலைத்தொப்பி, கழுவிய கை, வளையலும் ஹேர்பின்னும் இல்லாத உடை. நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 5405 இருக்கிறது, 2019-ல் திருத்தினார்கள். உறிஞ்சும் திறன், கார அமில அளவு, கிருமிச் சோதனை எல்லாம் அதில் வருகின்றன. அந்தத் தரத்தை வாங்கி வரிவரியாகப் படி. கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது. மருத்துவ ஜவுளிக்கான உயர் மையமே அங்கேதான். சோதனைக்குப் பக்கத்து ஊரிலேயே இடம் இருக்கிற வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓடும் உருளைக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் தொங்கும் பின்னலும் கூடாது. மேல்கோட்டு தைத்துக் கொடு, அதற்கான காசை முதலீட்டிலேயே சேர். மெஷினை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தான் நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். புற ஊதாப் பெட்டி திறந்தால் விளக்கு தானே அணைய வேண்டும். கூழ்த்தூசி காற்றில் பறந்தால் நெருப்புப் பொறிக்கே பற்றிக்கொள்ளும், நெஞ்சிலும் போய் உட்காரும். தூசி இழுக்கும் கருவி இல்லாமல் ஹேமர் மில்லை ஓட்டாதே.

பணக் கணக்கில் இரண்டு விஷயம். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டியை நீக்கினார்கள், நல்ல முடிவு. ஆனால் நீ வாங்கும் மூலப்பொருளுக்குக் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது, அது உன் அடக்கவிலையிலேயே நிற்கும். மெஷின் விற்கிறவர்கள் போட்டுத் தரும் லாபக் கணக்கில் பல சமயம் இது இராது. இரண்டாவது, ஜன் ஔஷதி கடைகளில் 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு ரூபாய்க்குப் பேட் கிடைக்கிறது, நம் மாநிலத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகவே தருகிறது. விலையில் அவர்களோடு போட்டி போட்டு உன்னால் ஜெயிக்க முடியாது, போடவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகான நீளப் பேட், அதிகம் போகிற நாட்களுக்கான பேட், பக்கத்து மில்களிலும் மருத்துவமனைகளிலும் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்து செய்யும் அளவுகள், இவைதான் சிறு யூனிட்டுக்கு இடம் தரும். பெரிய கம்பெனி அந்த மில்லின் ஓய்வறைக்கு வந்து எந்த ஓரத்தில் கசிகிறது என்று கேட்கப்போவதில்லை, நீ கேட்கலாம்.

குப்பையைப் பற்றியும் யோசித்து வை. 2016-ன் திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு நாப்கினையும் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும், அல்லது மறுசுழற்சிக்கு ஆகும் பொருள்களுக்கு வழி பார்க்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கூறின. உறையைக் கொடு. பின் தாள் பாலிஎத்திலீன், பொடி பாலிஅக்ரிலேட் என்று வைத்துக்கொண்டு பாக்கெட்டில் 'மக்கும்' என்று அச்சடிக்காதே. குப்பை பொறுக்கும் பெண்ணும் நம்மைப் போன்ற ஒருத்திதான், அந்தப் பொய் அவள் கையில்தான் போய்ச் சேரும். துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினை ஆரோவில்லில் ஈகோ ஃபெம் செய்கிறது. உன்னிடம் வாங்க வருகிற பெண்ணுக்குத் தண்ணீரும் வெயிலில் காயவைக்க இடமும் இருந்தால் அதுவும் ஒரு வழி என்று சொல், வியாபாரம் போய்விடும் என்று பயப்படாதே.

முன்பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்று எழுதியிருந்தாய், நல்லது. மெஷின்காரர் இருவரிடமும் அவரவர் லைனில் ஓடிய பேடில் ஒவ்வொரு பெட்டி வாங்கு. உப்புத் தண்ணீர் ஊற்றி எடை வைத்துப் பார், வெட்டிப் பார், சிட்ராவில் சோதனைக்குக் கொடு, மில்லுக்குப் போகும் உன் தோழிகளிடம் ஒரு மாதம் பயன்படுத்தக் கொடுத்து அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வாங்கு. அதெல்லாம் கைக்கு வந்த பிறகு எனக்கு ஒரு நகல் அனுப்பு, இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். அதுவரைக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் அக்கா