கணிப்பொறியில் படம் தடுமாறுவது ஏன்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

திரைப்படச் சுருளில் ஒரு முழத்தை வெட்டி எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால் படங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றுக்கொன்று சிறிதே மாறுபட்ட அந்தப் படங்களை நொடிக்கு 24 வீதம் ஓடவிடுவதே சினிமா. கணிப்பொறியில் உள்ள வீடியோவும் இப்படித்தான் இருக்கும், சுருளுக்குப் பதிலாக ஒரு ஃபைலில் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அந்த ஃபைலுக்குள் இருக்கும் முழுப் படங்கள் மிகச் சிலவே. மற்றவை அனைத்தும், ஓடும் அந்தக் கணத்திலேயே கணிப்பொறி கணக்கிட்டு வரைபவை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், வீடியோ தடுமாறுவதற்குரிய காரணங்களில் பெரும்பாலானவற்றை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் இவ்வாறு செய்கிறார்கள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் தேவை. ஆகவே படம் ஒன்றுக்குச் சுமார் 62 இலட்சம் பைட். நொடிக்கு 25 படம் வீதம் ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 560 ஜி.பி. வருகிறது. 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்று முழுவதையும் காலி செய்து கொடுத்தாலும் ஒரு மணி நேரப் பாடம் அதில் அடங்காது. நாம் பார்க்கும் பாடமோ 2 அல்லது 3 ஜி.பி.க்குள் அடங்கிவிடுகிறது. ஏறக்குறைய இருநூறு பங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது பொருள்.

சுருக்கும் வழி எளிமையானதே. முதலில் ஒரு முழுப் படம் எழுதப்படும். அடுத்த படத்தில் என்ன மாறியது என்பது மட்டும் அதன் பின் எழுதப்படும். கரும்பலகை முன் நிற்கும் பேராசிரியர் கையை மட்டும் அசைத்தால், கரும்பலகையையும் சுவரையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை அன்றோ? இவ்வாறு சில நொடிகள் சென்றபின் மறுபடி ஒரு முழுப் படம். சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் உரிய இம்முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.264 என்பது எங்கும் புழங்குவது. 2013இல் வந்த எச்.265, அதே தெளிவை ஏறத்தாழப் பாதி அளவில் தந்துவிடும். ஆனால் அதை விரிப்பதற்குக் கணிப்பொறி இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும்.

ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பவை கோடெக்கின் பெயர்கள் அல்ல. அவை தூக்குவாளியின் பெயர்கள். உள்ளே இருப்பது சாம்பாரா, ரசமா என்பது மூடியைத் திறந்தால்தான் தெரியும். "நேற்று ஓடியதும் எம்.பி.4, இன்று ஓடாததும் எம்.பி.4, ஆகவே கணிப்பொறி கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டுவோர் தூக்குவாளியைப் பார்த்துக் குழம்பைத் தீர்மானிக்கிறார்கள்.

நிற்க. ஒரு வீடியோ நம் கண்ணுக்கு வருமுன் சில நிலைகளைக் கடக்கிறது. டிஸ்க்கிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஃபைல் படிக்கப்பட வேண்டும். வாளி திறக்கப்பட வேண்டும். சுருக்கம் விரிக்கப்பட வேண்டும். விரிந்த படம் திரைக்குப் போக வேண்டும். ஒலி ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். பழுது இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில்தான் இருக்கும். எந்த இடம் என்று அறியாமல் "ஃபார்மட் அடித்துவிடலாம்" என்பது, காய்ச்சல் என்று வந்தவனை உடனே அறுவைக்கு அனுப்புவது போன்றது. நம்மைப் போன்றோர் வீட்டில் ஒரு ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் தொகை ஒரு நாள் கூலி. அத்துடன் டிஸ்க்கில் இருந்த குறிப்புகளும் புகைப்படங்களும் போய்விடக்கூடும்.

இடத்தைக் கண்டறிய மாற்றிப் பார்ப்பதே வழி. நம் ஆய்வகத்தில் மின்சுற்று வேலை செய்யாதபோது ஒரு கம்பியை மாற்றிப் பார்க்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதில்லை. இங்கும் அப்படியே. அதே ஃபைலை வேறு பிளேயரில் போட வேண்டும். அதே பிளேயரில் வேறு ஃபைலைப் போட வேண்டும். முடிந்தால் அதே ஃபைலை வேறு கணிப்பொறியில் போட வேண்டும். எல்லா இடத்திலும் ஓடாவிட்டால் ஃபைல்தான் குற்றவாளி. ஒரு பிளேயரில் மட்டும் ஓடாவிட்டால் அந்த பிளேயருக்குக் கோடெக் தெரியவில்லை. ஒரு கணிப்பொறியில் மட்டும் எந்த ஃபைலும் ஓடாவிட்டால் அதன் உள்ளே பார்க்க வேண்டும்.

வேறு பிளேயர் என்றதும் வி.எல்.சி.யைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரீசில் எக்கோல் சென்ட்ரால் என்னும் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாகத்து நெட்வொர்க்கில் வீடியோ அனுப்புவதற்காக 1996இல் தொடங்கிய வேலை அது. 2001இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமத்துடன் வெளியிடப்பட்டது. நம்மைப் போன்ற மாணவர்கள் செய்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதன் சிறப்பு, வேண்டிய கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. அதில் வீடியோ ஓடும்போது கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருப்பது எந்தக் கோடெக் என்று காட்டிவிடும். கைப்பேசியில் எடுத்த செய்முறை வீடியோ ஆய்வகக் கணிப்பொறியில் ஒலி மட்டும் தந்து படம் தராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதில் தெரிந்துவிடும். புதிய கைப்பேசிகள் பல, இடத்தை மிச்சப்படுத்த எச்.265 முறையில் பதிவு செய்கின்றன. கேமரா அமைப்பில் அதை எச்.264 என்று மாற்றிவிட்டால் அடுத்த முறை தொல்லை இராது.

பிளேயர் ஓடவில்லை என்றவுடன் இணையத்தில் கோடெக் தேடி இறக்குவது ஆபத்து. "இந்த வீடியோவைக் காண இந்தக் கோடெக் தேவை" என்று சொல்லிக்கொண்டு 2005ஆம் ஆண்டு வாக்கில் பரவிய ஸ்லாப் என்னும் தீய புரோகிராம், கோடெக்கே அன்று. படம் ஓடவில்லையே என்ற நம் ஆவலையே அது தூண்டிலாகப் போட்டது. அந்த உத்தி இன்றும் ஒழியவில்லை.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். சுருக்கத்தை விரிக்கும் வேலையை இருவர் செய்யலாம். ஒருவர், எல்லா வேலைக்கும் பொதுவான பிராசசர். மற்றவர், கிராபிக்ஸ் பகுதிக்குள் இதற்கென்றே அமைக்கப்பட்ட தனிச் சுற்று. தனிச் சுற்று குறைந்த மின்சாரத்தில், சூடேறாமல் வேலையை முடித்துவிடும். ஆனால் அது தான் கற்ற கோடெக்கை மட்டுமே அறியும். எடுத்துக்காட்டாக, இன்டெல் பிராசசர்களில் 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் எச்.265க்கு முறையான தனிச் சுற்று உள்ளது. அதற்கு முந்தையவற்றில் முழுச் சுமையும் பிராசசரின் தலையில் விழும். மேலும் ஒரு செய்தி: தனிச் சுற்று இருந்தாலும், அதற்குரிய டிரைவர் என்னும் புரோகிராம் இல்லாவிட்டால் விண்டோஸ் அதனிடம் பேசவே முடியாது.

இதை நான் நேரில் கண்ட இடம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், பிளஸ் டூ படிக்கும் மகளுக்காகப் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கியிருந்தார். இணைய இணைப்பு இல்லை. பள்ளியிலிருந்து பென் டிரைவில் கொண்டுவரும் பாட வீடியோக்களைத்தான் அந்தப் பெண் பார்ப்பாள். கணிப்பொறி மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுக்க, ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். அதன்பின் ஒலி முன்னே போக, படம் பின்னே நொண்டத் தொடங்கியது. மறுபடி கொண்டுபோனபோது, "பழைய மாடல் அக்கா, மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும்" என்றார்களாம். "தம்பி, நீ காலேஜில் படிக்கிறாயே, கொஞ்சம் பார்" என்று அந்த அம்மாள் அழைத்தார்.

பழைய மாடல் என்பது உண்மை. பத்தாண்டுக்கு முந்தைய பெண்டியம். ஆனால் ஃபார்மட்டுக்கு முன் இதே வீடியோக்கள் ஓடியிருக்கின்றன. ஒரே இரவில் அது மேலும் பழசாகிவிட முடியாது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது, வீடியோ ஓடும்பொழுது பிராசசர் நூற்றுக்கு நூறை ஒட்டி நின்றது. வீடியோவோ சாதாரண எச்.264. அடுத்து டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைப் பார்த்தேன். இன்டெல் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்று இருந்தது. டிரைவர் போடப்படவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். விண்டோஸ் புதிதாகப் போட்டபின் இணையம் இருந்தால் டிரைவர் பெரும்பாலும் தானே வந்து சேரும். இந்த வீட்டில் இணையம் இல்லாததால் வரவில்லை. கைப்பேசியின் இணைப்பை யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. படம் சீராக ஓடியது. பிராசசர் இருபதுக்குக் கீழே இறங்கியது. செலவு, அன்றைய கைப்பேசி டேட்டா மட்டும்.

தனிச் சுற்றே தொல்லை தருவதும் உண்டு. படம் முழுவதும் பச்சையாகத் தெரிவது அதன் பொதுவான அறிகுறி. ஏன் பச்சை? இது இயற்பியல் மாணவர்க்குச் சுவையான கேள்வி. வீடியோவில் நிறம் சிவப்பு, பச்சை, நீலமாக எழுதப்படுவதில்லை. ஒளியளவு ஒன்று, நிற வேறுபாடு இரண்டு என மூன்று எண்களாக எழுதப்படுகிறது. நிற வேறுபாடு இல்லை என்பதைக் குறிக்கும் எண் 0 அன்று, 128. விரிக்கும் சுற்று தவறி மூன்று எண்களையும் 0 என்று விட்டுவிட்டால், சமன்பாட்டில் சிவப்பும் நீலமும் பூச்சியத்துக்குக் கீழே போய் மறைய, பச்சை மட்டும் 135 அளவில் எஞ்சுகிறது. ஆகவே பச்சைத் திரையைக் கண்டால் மானிட்டரை மாற்ற வேண்டாம். வி.எல்.சி.யின் பிரிஃபரன்சஸ் பகுதியில், இன்புட் கோடெக்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஹார்ட்வேர் டிகோடிங் என்பதை நிறுத்திப் பார்க்கலாம். பச்சை போய்விட்டால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும் என்று பொருள்.

படம் நடுவில் கரைந்து, மெழுகு உருகியது போல் இழுபட்டு, சில நொடிகளில் தானே தெளிவதைப் பார்த்திருப்போம். மாற்றங்கள் மட்டும் எழுதப்படுவதால் ஓரிடத்தில் ஏற்பட்ட சேதம் அடுத்த முழுப் படம் வரும்வரை தொடர்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே நிமிடத்தில், அதே நொடியில் கரைந்தால் ஃபைலில் சேதம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கரைந்தால் ஃபைலைக் குறை கூறலாகாது. டிஸ்க்கையோ நினைவகத்தையோ டிரைவரையோ ஐயுற வேண்டும். எம்.பி.4 ஃபைலில், எந்தப் படம் எங்கே உள்ளது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில் எழுதப்படுகிறது. எனவே பாதியில் நின்ற பதிவிறக்கமும், காப்பி முடியுமுன் பிடுங்கிய பென் டிரைவும் 99 பங்கு இருந்தும் ஒரு நொடிகூட ஓடாமல் போகலாம். மூல ஃபைலின் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

பென் டிரைவ் மெதுவானது, அதனால் தடுமாறுகிறது என்று சொல்வோர்க்கு ஒரு கணக்கு. நொடிக்கு 5 மெகாபிட் கொண்ட வீடியோவுக்கு வேண்டியது நொடிக்கு 0.625 மெகாபைட். மலிவான பென் டிரைவும் இதைப் போல் பன்மடங்கு தரும். இதையும் தர இயலாத டிரைவ் சாகக் கிடக்கிறது. அதிலுள்ளவற்றை உடனே வேறிடத்துக்கு மாற்றுவது நல்லது.

யூடியூபில் படம் நிற்கும்போது வட்டம் சுழன்றால் இணைய வேகம் போதவில்லை. வட்டம் சுழலாமல் படம் மட்டும் தத்தினால் கணிப்பொறி திணறுகிறது. படத்தின் மேல் வலப்பக்கம் கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்தால், வரைய முடியாமல் விடப்பட்ட படங்களின் எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் 1080ஐ 720ஆகவோ 480ஆகவோ குறைத்துக்கொள்வதே எளிய வழி.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தடுமாறினால் தூசியைத் தேட வேண்டும். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒலி மட்டும் வராவிட்டால், அது மானிட்டருக்குப் போகிறதா ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஒலியும் உதடும் பொருந்தாவிட்டால் வி.எல்.சி.யில் ஜே, கே எழுத்துகள் ஒலியை 50 மில்லி நொடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஓடாதவை உண்டு. தனிச் சுற்று இல்லாத பழைய கணிப்பொறியில் 4கே அளவுள்ள எச்.265 வீடியோ எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடாது. அப்போது கணிப்பொறியை மாற்றாமல் ஃபைலை மாற்றலாம். ஹேண்ட்பிரேக் என்னும் இலவசப் புரோகிராமில் அதைக் கொடுத்து, எச்.264, 720 என்று தேர்ந்தால் புதிய ஃபைல் ஒன்றை எழுதித் தரும். ஒரு மணி நேர வீடியோவுக்குப் பழைய கணிப்பொறியில் நாலைந்து மணி நேரம்கூட ஆகலாம். இரவில் ஓடவிட்டுப் படுத்தால் காலையில் ஆயத்தமாக இருக்கும், நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால்.