வேடந்தாங்கல் வட்டாரத்துக்கு ஒரு பத்திரிகை: வாசகரை எப்படிக் கேட்பது?

மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக்கென்று தமிழில் ஒரு மாத இதழ் தொடங்க நினைப்பவர்கள் அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு வேலையை முடிக்க வேண்டும். யார் வாங்குவார்கள், எதற்காக வாங்குவார்கள் என்று ஊருக்குள் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் கேட்கிறோமோ அந்த வழிக்கு எட்டுகிற ஆட்கள்தான் பதில் சொல்வார்கள். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே வாசகரையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

இந்த ஊர்கள் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் வடக்கு முனையில் பல்லாவரமும் தாம்பரமும் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களுக்குத் தங்கள் ஊர் சென்னைதான். தெற்கே போனால் ஏரிப் பாசனமும் நெல்லும். கடற்கரையில் மீனவர் குப்பங்கள், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள், கல்பாக்கத்து அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பு. ஒரே கேள்வித்தாளை ஒரே வழியில் அனுப்பி இவர்கள் எல்லோரையும் எட்ட முடியாது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கூகுள் படிவம். செலவே இல்லை, வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் இரண்டே நாளில் சில நூறு பதில்கள் வந்து சேரும். ஆபத்தும் அங்கேதான். அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலும் படித்த, சம்பளக்கார, வடக்குப் பக்கத்து ஆட்கள். பதில்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டாலும் இந்தக் கோணல் நிமிராது. 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் அதிபர் தேர்தலுக்காகச் சுமார் 1 கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அவை சொல்லின. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தார்கள். அதே தேர்தலில் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்து ஜார்ஜ் காலப் முடிவைச் சரியாகச் சொன்னார். அந்த வார இதழ் 2 ஆண்டுகளில் நின்றுபோனது. செங்கல்பட்டில் படிவத்தை மட்டும் நம்பினால் தாம்பரத்துக்காரர்களின் விருப்பத்தை வைத்து வேடந்தாங்கலுக்கு இதழ் போடுவோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் மின்னிதழுக்குப் பணம் கட்டுவார்களா என்று அறிய மட்டும் படிவம் நல்லது.

அடுத்தது, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நின்று கேட்பது. வேடந்தாங்கல் பறவைச் சரணாலய வாசல் இதற்கு வசதி என்று தோன்றும். நவம்பர் முதல் மார்ச் வரை வார இறுதியில் அங்கே கூட்டம் உண்டு. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் சுமார் 80 கிலோமீட்டர் தாண்டிச் சென்னையிலிருந்து வருபவர்கள். பறவைப் படம் போட்ட இதழை ஒருமுறை ஆசையாக வாங்குவார்கள், மாதாமாதம் வாங்கப்போவதில்லை. சுற்றுலா வழிகாட்டி போடுவதாக இருந்தால் மட்டும் அங்கே நில்லுங்கள். வட்டார வாசகரைப் பிடிக்கச் செங்கல்பட்டு–சென்னைக் கடற்கரை மின்சார ரயில் மேல். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருபவர்களுக்கு உட்கார்ந்து படிக்கவும் பதில் சொல்லவும் நேரம் இருக்கிறது. பெட்டியில் ஒரு சுற்று வந்தால், இன்னும் அச்சில் படிப்பவர் எத்தனை பேர், போனிலேயே எல்லாம் பார்ப்பவர் எத்தனை பேர் என்பது கேள்வி கேட்காமலே தெரிந்துவிடும்.

வீடு வீடாகப் போவது கடினமான வழி, நேர்மையான வழி. தற்செயலாகத் தேர்ந்தெடுத்த 400 பேரிடம் கேட்டால் விடை 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். 100 பேர் என்றால் 10 சதவீதம். புது இதழுக்கு 100 பேரே போதும் என்பது என் கருத்து, அந்த 100 வீட்டையும் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் தொடங்கி அவர் கைகாட்டும் வீடுகளுக்குப் போகக் கூடாது. தெருவின் ஒரு முனையில் தொடங்கி ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் வேறாகவும் காலனி வேறாகவும் இருக்கின்றன. இருளர் குடியிருப்பு இன்னும் தள்ளி, பல இடங்களில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும். மூன்றிலும் கால் வைக்காமல் எடுத்த கணக்கைக் கிராமத்தின் கணக்கு என்று சொல்ல முடியாது. பகலில் போனால் வயதானவர்கள்தான் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். குப்பங்களில் அதிகாலை ஏல நேரத்தில் யாரையும் நிறுத்திப் பேசாதீர்கள். படகு ஏற்றி, வலையைச் சிக்கெடுக்க உட்கார்ந்த பிறகு பேச்சுக்கு நேரம் கிடைக்கும்.

ஒரு பிரதியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதையும் வீட்டில்தான் கேட்க முடியும். தேசிய அளவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்தப்பட்ட இந்திய வாசகர் ஆய்வு விற்பனையை விட்டுவிட்டுப் படிப்பவர்களை எண்ணியதற்குக் காரணம் இதுவே. காசு கொடுப்பவர் கணவராகவும், படிப்பவர் மனைவியும் மகளுமாகவும் இருக்கலாம். கணவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் முடிந்தது.

எந்த வழியில் போனாலும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். “நம்ம பக்கத்தப் பத்தி ஒரு பத்திரிகை வந்தா வாங்குவீங்களா?” என்று கேட்டால், “நல்ல விஷயம்ங்க, தாராளமா கொண்டாங்க” என்றுதான் பதில் வரும். வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்தப் பதிலை எழுதிக்கொண்டு வந்து 3,000 பிரதி அடித்தால் கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். நடக்கப்போவதைக் கேட்க வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள்: “போன மாசம் காசு குடுத்து வாங்கின பத்திரிகை எது? எந்தக் கடையில வாங்கினீங்க? அது இப்ப எங்க இருக்கு, எடுத்துக் காட்ட முடியுமா?” கடைசிக் கேள்விக்குப் பலர் தயங்குவார்கள், அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான், குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் வாங்கினால் எதற்கு என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அது மரியாதையும்கூட.

கூட்டிவைத்துப் பேசுவது இன்னொரு வழி. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்கு இதில் விடை கிடைக்காது. எதை எழுத வேண்டும் என்பதற்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்தாலே முதல் ஆறு இதழ்களுக்கு விஷயம் சேர்ந்துவிடும். தலைவர் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள் என்பதால் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கும் சிற்பக் கூடத்துத் தேநீர் நேரத்துக்கும் தனியாகப் போக வேண்டும். வேடந்தாங்கலில் பறவைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் பேச்சு ஏரித் தண்ணீருக்கும் மடைக்கும் போய்விடும். தடுக்காதீர்கள், அதுதான் விஷயம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இங்கே பல தலைமுறை அறிவு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியதற்குப் பின்னாலும் அந்த விவசாயக் கணக்கு இருந்தது. 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றுவட்ட எல்லையைக் குறைக்கும் யோசனை வந்தபோது அது சென்னைப் பத்திரிகைகளில் விவாதமானது. இங்கேயே ஒரு இதழ் இருந்திருந்தால் எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று வரைபடம் போட்டு மக்களிடம் கொண்டுபோயிருக்கும். இப்படிப்பட்ட தேவை கேள்வித்தாளின் கட்டங்களில் வந்து விழாது.

நான் அதிகம் நம்புவது மாதிரி இதழை. 16 பக்கம், 100 பிரதி போதும். இந்த வழியின் வேர், காலப் தேர்தல் கணிப்புக்கு வருமுன் செய்த வேலையில் இருக்கிறது. 1928இல் அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில், வாசகரிடம் ‘என்ன படிப்பீர்கள்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, நாளிதழையே கையில் எடுத்துப்போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டி ‘இதைப் படித்தீர்களா’ என்று கேட்கும் முறையை முன்வைத்தார். வாயால் சொல்லும்போது முக்கியச் செய்திகளையும் தலையங்கத்தையும் சொன்னவர்கள், பக்கத்தைப் புரட்டும்போது படக்கதைகளைத்தான் அதிகம் பார்த்திருந்தார்கள்.

நம் ஊரில் இதை எளிதாகச் செய்யலாம். இதழைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் புதுப் பிரதியுடன் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டுங்கள். நெல் கொள்முதல் பக்கம், ஏரி நிலவரம், பஸ் நேரம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை பற்றிய கட்டுரை, சிறுகதை என்று ஒவ்வொன்றாக. படித்ததாகச் சொன்னால் பென்சிலால் ஒரு புள்ளி. பாதியில் விட்டிருந்தால் விட்ட வரியில் கோடு. உங்கள் பிரதியில் மட்டும், அவர்களுக்குக் கொடுத்ததில் இல்லாத ஒரு கட்டுரையைச் சேர்த்து வையுங்கள். அதையும் படித்தேன் என்பவர் உங்கள் மனம் நோகக் கூடாது என்று பேசுகிறார். அவருடைய மற்றப் புள்ளிகளையும் அந்த அளவுக்குக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பிரதி எங்கே என்றும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை.

கடைசி வழி முன்சந்தா: ஓராண்டுச் சந்தாவை இதழ் வருமுன்பே கேட்பது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது, சந்தாதாரர்களுக்கு மட்டுமே அனுப்புவது, 2,000 பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையை அது எட்டவில்லை. ஆனாலும் தன் வாசகர் யார் என்று அறிந்த இதழாக 119 இதழ்கள் வந்தது. பத்திரிகைகளுக்கு அஞ்சல் சலுகை தர 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் கேட்டதும் உண்மையான சந்தாதாரர் பட்டியலைத்தான். பணம் கொடுத்தவர் மாற்றிப் பேசமாட்டார். ஆனால் முதலிலேயே சந்தா கேட்டால் கொடுப்பவர்கள் நம் நண்பர்கள். அவர்கள் நமக்காகக் கொடுக்கிறார்கள், இதழுக்காக அல்ல. அதனால் மாதிரி இதழைப் பார்த்த முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டு, அந்தக் கணக்கைத் தனியாக எழுதுங்கள். ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ 1994 முதல் செய்வதுபோல இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் நடத்துவதாக இருந்தால், சந்தாவுக்குப் பதில் கடைக்காரர்களைக் கேட்க வேண்டும். மயிலாப்பூர்போல அடுத்தடுத்துக் கடைகள் உள்ள தெருக்கள் மதுராந்தகத்திலும் செங்கல்பட்டிலும் கொஞ்சம் உண்டு. வேடந்தாங்கல் பக்கத்தில் அந்தக் கணக்கு நிற்காது.

கையில் பணமும் நேரமும் குறைவு என்றால் படிவத்தையும் சரணாலய வாசலையும் விட்டுவிடுங்கள். கூட்டங்களில் தொடங்கி, அங்கே கேட்டதை வைத்து மாதிரி இதழ் போட்டு, எண்ணித் தேர்ந்தெடுத்த 100 வீடுகளில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் பக்கம் புரட்டி, அங்கேயே சந்தா கேளுங்கள். 100இல் 20 பேர் பணம் கொடுத்தால் தைரியமாக இறங்கலாம். 5 பேர்தான் என்றால் இதழை மாற்றி இன்னொரு முறை போங்கள். அதற்குப் பிறகு தலைப்புக்கும் பதிவுக்கும் விண்ணப்பித்தால் போதும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய பதிவுச் சட்டப்படி இரண்டுக்கும் ஒரே இணைய விண்ணப்பம்தான்.

ஒரு வேண்டுகோள். காலனித் தெருவுக்கும் இருளர் குடியிருப்புக்கும் போகாமல் கணக்கெடுத்திருந்தால், அட்டையில் ‘வட்டார இதழ்’ என்று போடாதீர்கள். போய்க் கேட்டுவிட்டு வந்து போடுங்கள்.