கடலுக்குள் இறங்கும் முன்

விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஊரிலிருந்து உறவினர் கூட்டம் இறங்கிவிடும். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை எல்லாம் பார்த்து முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி, "மாமா, ஸ்கூபாவுக்கு எப்போது கூட்டிப் போவீர்கள்?" என்பதுதான். பயிற்சி பெற்றுப் பல ஆண்டுகளாக ஹேவ்லாக் பக்கம் மூழ்கி வருபவன் என்ற முறையில், நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கே எழுதுகிறேன். (ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர், பேச்சில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.)

முதலில் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை எட்டுவதற்கு முன்பே, மே மாதப் பிற்பாதியில் நம்மிடம் வந்துவிடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம். இவை இரண்டும் போக, ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். நல்ல நாளில் நீருக்கடியில் இருபது மீட்டருக்கு அப்பால் உள்ள பாறையும் தெரியும். காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். தென்மேற்குக் காற்றில் மேற்குக் கரையான ராதாநகர் கொந்தளிக்கும்போது, கிழக்குக் கரையான விஜயநகர் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றில் இது தலைகீழாகும்.

அடுத்து ஓதம். இதற்குச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர் வேறுபாடு இருக்கும். அத்தனை நீரும் போய்வர வேண்டுமே, ஆகவே நீரோட்டம் இழுக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி நீர் மந்தமாகிவிடும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் நாள்தான், முதல் முறை மூழ்குபவருக்கு ஏற்ற நாள்! ஆனால் ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள் போன்ற ஆழமான இடங்களில் நீரோட்டம் இருந்தால்தான் சீலா மீன்களும் பாறை மீன்களும் திரளாக வந்து நிற்கும். அவை அனுபவசாலிகளுக்கான இடங்கள்.

புதியவர்களைப் பயிற்சியாளர் கைப்பிடித்தே அழைத்துச் செல்வார். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார்கள். அதுவே ஆழம்தான். பத்து மீட்டரில் நம் மேல் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அதனால் இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதுக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே போக வேண்டும். வலித்த பிறகு ஊதுவது வீண். கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும்.

சளி பிடித்திருந்தால் இது நடக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை குடும்பம் மதுரையிலிருந்து வந்திருந்தது. மருமகனுக்குப் பதினொரு வயது, நல்ல மூக்கடைப்பு. பயிற்சியாளர் பார்த்ததுமே மறுத்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்து, பணமும் கட்டியாயிற்று. ஒரு மாத்திரை போட்டால் சரியாகாதா?" என்று மாப்பிள்ளை கோபப்பட்டார். மாத்திரையின் வேகம் நீருக்கடியில் குறைந்துபோனால், உள்ளே போன காற்று மேலே வரும்போது வெளியேற வழியின்றிச் சிக்கும், செவிப்பறையே கிழியலாம். நான் பயிற்சியாளர் பக்கமே பேசினேன். பையன் அழுதான். மறுநாள் எலிஃபெண்ட் கடற்கரையில் கண்ணாடியும் குழலும் மாட்டிக்கொண்டு, நீரின் மேல் மிதந்தபடியே கோமாளி மீனைப் பார்த்துவிட்டான். மறுக்கத் தெரிந்த பயிற்சியாளரைத் தேடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். அடக்கியபடி ஏறினால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று விமானம். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் பிடிக்கும். ஒரு முறை மூழ்கியிருந்தால் பன்னிரண்டு மணி நேரமும், அதற்கு மேல் என்றால் பதினெட்டு மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். பயணத்தின் கடைசி நாளில் ஸ்கூபாவை வைக்காதீர்கள். கப்பலில் சென்னை செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கீழே என்ன தெரியும்? சந்தையில் நாம் பேரம் பேசும் களவாவும் சங்கராவும் உயிரோடு எதிரே நிற்கும். சிவப்பு நிறம்தான் முதலில் மறைவதால் சங்கரா சாம்பலாகத் தெரியும். விளக்கடித்தால் நிறம் திரும்பும். பாறை இடுக்கில் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடும். அது மூச்சு விடுகிறது, கடிக்க வரவில்லை. பயப்பட வேண்டியது முட்டையைக் காக்கும் பெரிய கிளாத்திக்கு. கூட்டுக்கு மேலே புனல்போல் விரிந்த பகுதி முழுவதும் தன்னுடையது என்று அது நினைக்கிறது. ஆகவே துரத்தினால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலக வேண்டும். நீல் தீவின் கடற்புல் மேல் பேராமை மேயும். ராமநாதபுரத்தார் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசு நம் தீவுகளின் மாநில விலங்கு. கண்ணில் படுவது மிக அரிது. முதலையும் உண்டு. ராதாநகரை அடுத்த நீல்ஸ் கோவில் 2010 ஏப்ரலில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகைகளை மதியுங்கள்.

பவளத்தைப் பற்றி மட்டும் சற்று வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரை மேலே எழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. 2010 கோடையில் கடல் சூடேறியது. பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி சூட்டில் வெளியேறிவிட, பவளம் வெளுத்துப் பட்டினி கிடந்து சாகிறது. 2016இலும் வெளுத்தது. ஆழமில்லாத இடங்களில் இன்று காணும் குச்சிக் குவியல் பெரும்பாலும் அப்படிச் செத்த கிளைப்பவளம். அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் புதுப் பவளம் முளைத்திருப்பதையும் பார்க்கிறேன். அதில் ஒரு கால் துடுப்பு பட்டால் போதும், பல ஆண்டு வளர்ச்சி உடைந்துவிடும். அதனால் புதியவர்களை மணல்தரையில் பழக்கிவிட்டே பாறைப் பக்கம் அழைத்துப் போகச் சொல்வேன்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி அது குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். விருந்தினர் பெட்டி கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.