தலைக்கு மேலே ஒரு கூரை: தார்ப்பாயும் இழுவை மூடியும்

சரக்கு வாங்கும்போது கிலோவுக்குக் கால் ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறோம். எடை போடும்போது முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. ஆனால் அதே சரக்கு மண்டியிலிருந்து நம் கடை வாசலுக்கு வந்து சேரும் வரை அதன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை டிரைவர் பாடு, கிளீனர் பாடு என்று விட்டுவிடுகிறோம். வணிக அன்பர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2021 நவம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் வாடகை லாரியில் எங்களுக்கு நாற்பது மூட்டை சீனியும் இருபது மூட்டை துவரம்பருப்பும் வந்தன. நான்கு மணி நேர ஓட்டம். லாரியில் இரண்டு தார்ப்பாய் போட்டிருந்தார்கள். இரண்டிலும் கிழிசல் இல்லை, கயிறும் இறுக்கமாகவே இருந்தது. அப்படியிருந்தும் பதினோரு மூட்டை சீனி நனைந்து வந்தது. மேல் வரிசை மட்டும் நனைந்திருந்தால் காரணம் புரிந்திருக்கும். நடு வண்டியில், குறுக்கே ஒரு கோடு கிழித்தது போல நனைந்திருந்தது.

காரணத்தை எங்களுக்குச் சொன்னவர் எங்கள் லோடுமேன். "அண்ணாச்சி, முன்பாயை முதல்ல போட்டு பின்பாயை அதுமேல போட்டுட்டாங்க. எதிர்க்காத்து மழையை உள்ள தள்ளிடுச்சு" என்றார். ஓடு வேய்வதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் மேல் படிய வேண்டும். நிற்கும் வீட்டில் தண்ணீர் மேலிருந்து வருகிறது. ஓடும் லாரியில் அது முன்னாலிருந்து வருகிறது. ஆகவே பின்பக்கப் பாயை முதலில் விரித்து, கேபின் பக்கத்துப் பாய் அதன் மேல் குறைந்தது மூன்றடி ஏறும்படி போட வேண்டும். அந்தச் சேர்க்கையின் மேல் ஒரு குறுக்குக் கயிறும் ஓட வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதற்கு நாங்கள் கொடுத்தது பதினோரு மூட்டை.

அதில் நான்கைப் பலகாரக் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதி கட்டியாகிப் போனது.

லாரி ஆபீசுக்குப் போனோம். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் "மழை, நீர் சேதத்துக்குப் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். அதைவிட அவர்களுக்குக் கைகொடுத்தது வேறொன்று: சரக்கு இறங்கிய அவசரத்தில், "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் எங்கள் பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். 1865-ஆம் ஆண்டின் பழைய கேரியர்ஸ் சட்டம் போய், 2007-இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. வருகிறவர் எல்லாருடைய சரக்கையும் கூலிக்கு ஏற்றும் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சரக்கு சேதமானால் அது அவர்களுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, அதிக மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், அவர்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். ஆகவே பொடி எழுத்தைப் பார்த்த உடனே எல்லாம் போயிற்று என்று திரும்பி வர வேண்டியதில்லை. அதே சமயம், நனைந்த மூட்டைகளின் எண்ணிக்கையை டெலிவரி ரசீதிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்காதவர்களுக்கு எந்தச் சட்டமும் பெரிதாக உதவாது. சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சில அன்பர்கள் சொல்கிறார்கள். பாலிசியை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசியில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. பி வகை, தீ, மின்னல், பாலம் உடைதல், மோதல், கவிழ்தல் போன்றவற்றுக்குத்தான். சி வகை இன்னும் சுருக்கம்: தீயும் மின்னலும் மட்டும். மழையில் நனைந்ததற்குக் கேட்க வேண்டுமானால் ஏ வகை வேண்டும். அதிலும் கட்டுமானம் சரியில்லை, பொருளின் இயல்பே அது என்று மறுக்க இடம் உண்டு. பிரீமியம் குறைவு என்று ஏஜெண்ட் நீட்டியதில் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் பலர்.

மேலிருந்து வரும் தண்ணீர் ஒன்று. பாய்க்கு உள்ளேயே உண்டாகும் தண்ணீர் இன்னொன்று. பிளாஸ்டிக் பாய் காற்றை விடாது. பகல் வெயிலில் சூடான அரிசியும் பருப்பும் தம்மிடமுள்ள ஈரத்தை ஆவியாக விடுகின்றன. இரவில் பாய் குளிர்ந்ததும் அந்த ஆவி அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கட்டி, வண்டி குலுங்கும்போது மூட்டை மேல் சொட்டுகிறது. மழையே பெய்யாத மார்கழி இரவில் வந்த லாரியிலும் மேல் வரிசை ஈரமாக இருப்பதற்கு இதுவே காரணம். சுற்றுக்காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். சீனிக்கு 85 சதவீதம் வரை பொறுமை உண்டு. வெல்லம் இரண்டுக்கும் முன்னால் இளகிவிடும். பாய்க்கும் மூட்டைக்கும் நடுவே பழைய சணல் சாக்குகளை ஒரு வரிசை பரப்பினால் சொட்டும் நீரை அது குடித்துக்கொள்ளும். பருத்திக் கான்வாஸ் பாய் ஓரளவு மூச்சு விடும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை தேயிலைக்கும் அரிசிக்கும் ஏறும்.

பாய் வாங்கும்போது ஜி.எஸ்.எம். என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதே அது. அந்த எண்ணை மட்டும் நம்பாமல், பாயை வெயிலுக்கு நேரே பிடித்து அடியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அங்கே தண்ணீர் இறங்கும். பழைய பாயைச் சோதிக்க, நான்கு மூலையையும் கட்டி நடுவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். மூட்டை அடுக்கும்போது நடுவை மேடாக்குவதும் முக்கியம். ஒரு சதுர மீட்டர் பள்ளத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது நூறு கிலோ. அதாவது இரண்டு மூட்டை சீனியைப் பாயின் மேல் தூக்கி வைத்தது போல. எந்தத் தையலும் அதைத் தாங்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்களுக்கு இன்னொரு அடி விழுந்தது. இது சீனியில் விழுந்த அடி அல்ல.

எங்களிடம் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி உண்டு. சுற்று வட்டாரக் கடைகளுக்கு அதில்தான் சரக்குப் போகிறது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கடை. ஒவ்வொரு கடையிலும் கயிற்றை அவிழ்த்துப் பாயை விலக்கி, நான்கு மூட்டை இறக்கி, மறுபடி மூடிக் கட்ட வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். அடுத்த கடை அரைக் கிலோமீட்டரில் இருந்தால் யார் கட்டுவார்கள்? மேலே போட்டு இரண்டு மூட்டையைப் பாரம் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். 2022 டிசம்பரில் தூறலில் அப்படிப் போட்ட பாய் காற்றில் எழும்ப, அதைக் கட்டுவதற்காக அதே லோடுமேன் அரிசி மூட்டைகளின் மேல் ஏறினார். ஈரமான பிளாஸ்டிக்கில் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவச் செலவையும் அந்த ஆறு வாரக் கூலியையும் நாங்கள் கொடுத்தோம். அது பெரிதல்ல. இன்றும் ஐம்பது கிலோ மூட்டையை அவரால் முன்போல வலது கையில் வாங்க முடியவில்லை. அவரை இப்போது பில் சரிபார்க்கும் வேலையில் வைத்திருக்கிறோம்.

மேலே ஏறாமல் மூட வழி உண்டா என்று விசாரித்தபோதுதான் இழுவை மூடியைப் பற்றித் தெரியவந்தது. வெளிநாடுகளில் இது பழைய விஷயம். அமெரிக்காவிலும் கனடாவிலும் தானியம் ஏற்றும் நீண்ட டிரெய்லர்களில் பாயின் ஒரு விளிம்பை ஒரு பக்கத்துச் சுவரில் நிலையாகப் பிணைத்துவிடுகிறார்கள். மறு விளிம்பில் வண்டியின் நீளத்துக்கு ஒரு குழாய். தரையில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் குழாய் உருண்டு, வளைவுக் கம்பிகளின் மேல் ஏறிப் பாயைச் சுருட்டிக்கொண்டு போகும். திருப்பிச் சுற்றினால் மூடும். ஐரோப்பாவில் வேறு முறை. இரு பக்கத் தண்டவாளத்தில் சிறு சக்கரங்களின் மேல் வளைவுகள் நிற்கும். இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து ஒரு முனையில் ஒதுங்கும். சிறு பிக்கப் வண்டிகளுக்குக் கேபின் பின்னால் ஒரு பெட்டிக்குள் சுருண்டு கிடந்து, பக்கச் சுவர் மட்டத்தில் தட்டையாக இழுத்து மூடும் வகையும் உண்டு.

மளிகைக்காரர்களுக்குத் தட்டை வகை ஆகாது என்பது எங்கள் கருத்து. நாம் பக்கப் பலகைக்கு மேலே இரண்டு வரிசையாவது அடுக்குகிறோம். அதை அந்த மூடி மூடாது. சுருட்டும் வகையில் பாய் ஒரே இடத்தில் மடிவதில்லை என்பதால் நாள்பட உழைக்கும். ஆனால் பக்கவாட்டில் ஓர் ஆள் நின்று சுற்ற இடம் வேண்டும்; நம் கடைத்தெருவில் அது எங்கே இருக்கிறது? நாங்கள் துருத்தி வகையைத் தேர்ந்தோம். ஐந்து வளைவு, பி.வி.சி. பூசிய துணி, பின்னாலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் ஒரு நிமிடத்தில் மூடிக்கொள்ளும்.

முதல் தடவை செய்தது சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பட்டறைக்காரர் தண்டவாளத்தின் வாய் மேலே பார்க்கும்படி வைத்துவிட்டார். சிந்தும் சீனியும் தவிடும் அதில் விழுந்து, மழைத் தண்ணீரில் ஊறிப் பசையாகி, மூன்றே வாரத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டது. மறுபடி கழற்றி, வாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி மாற்றினோம். இப்போது வாரம் ஒரு முறை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்துவிட்டால் போதும். எண்ணெய் விடக் கூடாது. தூசி இன்னும் அதிகமாகப் பிடிக்கும். அடுத்த குறை மடிப்புக் கோடுகள். தினமும் ஒரே இடத்தில் மடிவதால் அங்கே பூச்சு வெடிக்கத் தொடங்கும். எங்கள் மூடியில் இரண்டாம் ஆண்டில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டோம். ஊசியால் தைக்கவில்லை. தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஓட்டை. அதே துணியில் துண்டு வெட்டிச் சூடு வைத்து ஒட்டச் சொன்னோம். புதிய பி.வி.சி. வாடை ஒரு வாரம் போகவில்லை. அந்த ஒரு வாரம் தேயிலையும் மசாலாவும் அந்த வண்டியில் ஏற்றவில்லை.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எங்கள் சட்டமும் மூடியும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மூட்டை சீனியின் எடை. முக்கால் டன் ஏற்றும் வண்டியில் அந்த ஒரு மூட்டை இனி நிரந்தரமாகக் குறைவுதான். கண்டும் காணாமல் ஏற்றினால் அது ஓவர்லோடு. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடு உள்ளதால், பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். சரக்கு பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ அனுமதித்த உயரத்துக்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்தின்படி அபராதம் இருபதாயிரம் ரூபாய். மூடிக்குள் அடங்கும் அளவே ஏற்றுவது பழகிவிட்டதால் அந்தக் கவலை எங்களுக்குக் குறைந்தது.

வாடகை லாரிகளில் இழுவை மூடி வர நாளாகும். அதுவரை அங்கே தார்ப்பாய்தான். எங்கள் கடையில் இப்போது சரக்கு வரும் லாரியின் கயிற்றை அவிழ்க்கும் முன்பே ஒருவர் சுற்றி வந்து பார்க்கிறார்: எந்தப் பாய் எதன் மேல் இருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்து தண்ணீர் நிற்கிறது என்று. சந்தேகம் இருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். பிறகுதான் மூட்டை இறங்கும். கடைசி மூட்டையையும் எண்ணி, தொட்டுப் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்து. அந்த வேலையைச் செய்பவர், முன்பு சொன்ன லோடுமேன்தான். போன ஐப்பசியில் வந்த ஒரு லோடில் மூன்று மூட்டை நனைந்திருந்ததை அவர் ரசீதிலேயே எழுதி வாங்கினார். நோட்டீஸ் அனுப்பும் முன்பே லாரி ஆபீசில் வாடகையில் கழித்துக்கொண்டார்கள்.