மைனஸ் குறியில் வழுக்காமல் இருக்க

3ம + 5 = 20 என்று கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேனாவை எடுக்காமலே 5 என்று சொல்லிவிடுவார்கள். (ம தான் இங்கே மாறி.) 5-ஐக் கழி, 3-ஆல் வகு, முடிந்தது. வழுக்குவதெல்லாம் மைனஸ் குறியில்தான்.

5 − 3ம = 20 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 5-ஐக் கழித்ததும் −3ம = 15. உடனே "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற பாட்டு ஆரம்பிக்கும். −3 போய் +3 ஆகி, விடை 5 என்று வந்து நிற்கும். கூட்டலில் இருப்பது கழித்தலாவதுதான் அந்த விதி. இங்கே −3 ம-வைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அதன் குறியோடு சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். விடை −5. என்னிடம் படிக்க வருகிறவர்கள் "கொண்டுபோ" என்று சொல்லவே கூடாது. "இரண்டு பக்கமும் −3-ஆல் வகு" என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுத வேண்டும்.

பின்னம் வந்தால் முதல் வரியிலேயே ஒழித்துவிடுங்கள். ம/2 − (ம − 1)/3 = 2. எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்கினால் 3ம − 2(ம − 1) = 12. அடைப்புக்குறியைப் போடாமல் 2ம − 1 என்று எழுதினால் அங்கேயே கணக்கு கெட்டது. பிரித்தால் 3ம − 2ம + 2 = 12; ம = 10.

இனி அசமன்பாடு. இதில் ஒரே ஒரு புது விதி: இரண்டு பக்கத்தையும் மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். ஏன் என்று கேட்பவர்களுக்கு எண்கோட்டைக் காட்டுங்கள். 5-க்கு இடப்பக்கம் 2. ஆனால் −5-க்கு வலப்பக்கம் −2. அவ்வளவுதான் ரகசியம்.

விதியை மறப்பவர்களைவிட, தேவையில்லாத இடத்தில் திருப்புகிறவர்கள்தான் அதிகம். 3ம ≤ −12 என்பதில் மைனஸைக் கண்டதும் கை தானாகத் திருப்பிவிடும். நாம் வகுப்பது 3-ஆல்; அது பிளஸ். எனவே ம ≤ −4, குறி அப்படியே இருக்கும். எதை வகுக்கிறோம் என்பதைப் பார்க்காதீர்கள், எதனால் வகுக்கிறோம் என்பதைப் பாருங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. 7 − 2ம ≤ 15 என்று இருந்தால் இரண்டு பக்கமும் 2ம-வைக் கூட்டிவிடுங்கள்: 7 ≤ 15 + 2ம. பிறகு −8 ≤ 2ம, −4 ≤ ம. திருப்ப வேண்டிய வேலையே இல்லை. தேர்வில் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். ம வலப்பக்கம் நிற்பதால், "ம என்பது −4 அல்லது அதற்கு மேல்" என்று வாசித்துவிட்டு ம ≥ −4 என எழுதுங்கள். 0 போட்டுச் சரிபார்ப்பது அரை நிமிட வேலை: 7 ≤ 15, சரி.

வாக்கியக் கணக்கில் அடைப்புக்குறிக்குள் என்ன வரும் என்பதுதான் சிக்கல். 2013-இல் சென்னை ஆட்டோவுக்கு அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ கிடைத்ததா என்பது வேறு கணக்கு.) கையில் 100 ரூபாய் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? அவசரக்காரர்கள் 25 + 12ம ≤ 100 என்று எழுதி, முதல் 1.8 கி.மீ.க்கும் இரண்டாம் முறை காசு கொடுக்கிறார்கள். சரியானது 25 + 12(ம − 1.8) ≤ 100. அடைப்புக்குறியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். 25-ஐக் கழித்து, 12-ஆல் வகுத்தால் ம − 1.8 ≤ 6.25, ஆக ம ≤ 8.05. 8 கி.மீ. போட்டுப் பாருங்கள், 99.40 ரூபாய். 9 போட்டால் 111.40. 1.8-க்குக் கீழே இந்தக் கணக்கே செல்லாது, அரை கி.மீ. போனாலும் 25 ரூபாய்தான்.