பாதி மாறிய கல்

அன்புள்ள யாழினிக்கு,

விரிசலில் ஏறி உறைந்த ஒரு டோலரைட் டைக், உறைந்த நாளில் இருந்தபடியே இருக்கிறதா, பின்னால் பூமிக்கடியில் வெந்து உருமாறியதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கௌரி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உன் கேள்விக்கான பதில் அங்கே கடலோரப் பாறையிலேயே கிடக்கிறது.

மிகப் பழைய நைஸ் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரிய டைக்குகள் சுவர் சுவராக ஓடுகின்றன. 1885இல் ஜெத்ரோ டீல் அவற்றில் ஒன்றை ஆராய்ந்து எழுதினார். ஒரே டைக்கில் ஓரிடத்தில் கெட்டியான டோலரைட். சற்றுத் தள்ளி ஏடு ஏடாகப் பிளக்கும் ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட். இரண்டின் வேதிச் சேர்க்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். கனிமங்கள்தான் வேறு.

அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க, கல்லை 0.03 மில்லிமீட்டர் சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மாறாத டோலரைட்டில் ஃபெல்ஸ்பார் பட்டைகளுக்கு நடுவே வெளிறிய பைராக்சீன் தெரியும். அதன் பிளவுக் கோடுகள் கிட்டத்தட்ட செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும். கொஞ்சம் மாறிய கல்லில் அதே பைராக்சீனைச் சுற்றிப் பச்சை விளிம்பு கட்டியிருக்கும். மேடையைத் திருப்பினால் அந்தப் பச்சை அடர்ந்தும் வெளிறியும் மாறும். பிளவுகள் 56 பாகையில் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஹார்ன்பிளெண்ட்.

இங்கேதான் நீ நிதானிக்க வேண்டும். பைராக்சீனில் நீர் கிடையாது. ஹார்ன்பிளெண்டின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு நீர். ஆகவே வெப்பம் மட்டும் போதாது, வெளியிலிருந்து நீரும் புகுந்திருக்க வேண்டும். பாறை நசுங்கி நழுவிய இடங்களே அதற்கு வழிவிட்டன. அதனால்தான் பல டைக்குகளில் ஓரம் சிஸ்ட் ஆகியும் நடுப்பகுதி பழையபடி நிற்கிறது. முழுதாக மாறிய கல் தன் கடைசி நிலையைத்தான் சொல்லும். பாதியில் நின்ற கல்தான் வந்த வழியையும் சொல்லும். எனக்கு அதன் மேல்தான் பிரியம். கரிய இல்மனைட்டைச் சுற்றி டைட்டனைட் வளையம் தெரிந்தாலும் இதே கதைதான். சில டைக்குகளில் கார்னெட்டும் இருக்கும்; அது வளர அழுத்தமும் வேண்டும்.

1951இல் ஜான் சட்டனும் அவர் மனைவி ஜேனட் வாட்சனும் இந்த டைக்குகளைக் கொண்டே காலத்தைப் பிரித்தார்கள். டைக் சிதையாமல் நைஸின் வரிகளை வெட்டினால், வரிகள் டைக்குக்கு முந்தியவை. டைக்கே நசுங்கி சிஸ்ட் ஆகியிருந்தால், அந்த நிகழ்வு பிந்தியது. கையில் ஒரு வயதுக் கணக்கும் இல்லாத நிலையில் இதைச் சொன்னார்கள்!

வயது பிறகு வந்தது. சிலிக்கா குறைந்த குழம்பில் பேடலியைட் என்ற கனிமம் துளித்துளியாகப் படிகமாகும். இலங்கையின் இறக்குவானையிலிருந்து முதலில் அறியப்பட்டது அது. அதிலுள்ள யுரேனியமும் ஈயமும், பெரும்பாலான டைக்குகள் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், சில 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் ஏறியதாகக் காட்டின. உருமாற்றத்தின்போது பேடலியைட் சிலிக்காவைச் சேர்த்துக்கொண்டு ஓரத்தில் சிர்க்கானாக மாறும். அந்த ஓரத்தைத் தனியே அளக்க முடிந்தால், வெந்த காலமும் கிடைக்கும்.

ஆய்வகத்தில் டோலரைட் சீவல் கிடைத்தால் பெரிய படிகங்களில் மயங்கிவிடாதே. இரண்டு கனிமங்கள் தொடும் ஓரத்தை முதலில் பார். கண்டதை வரைந்து அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா