வணிகருக்கு ஒரு பாடம்: வி. கிருஷ்ணசாமி அய்யர்



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குச் சரக்கெடுக்கப் போகாத மளிகைக்காரர் நம்மில் குறைவு. அந்தப் பாரிமுனையில் ஒரு வங்கி பிறந்த வரலாற்றை இந்த இதழில் பார்ப்போம்.

சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்றொரு வெள்ளைக்காரர் நிறுவனம் இருந்தது. பெயர் பெரியது, வட்டியும் கவர்ச்சியானது. பென்ஷன்காரர், விதவைகள், குமாஸ்தாக்கள் என எல்லோரும் சேமிப்பை அங்கே போட்டார்கள். லண்டன் கூட்டாளி அந்தப் பணத்தை ஆபத்தான முயற்சிகளில் இறக்கியது அவர்களுக்குத் தெரியாது. 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி முறிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் தண்டனையால் போன பணம் திரும்பிவிடுமா?

அப்போது முன்வந்தவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர். 1863ல் தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தவர். பணம் இழந்தவர்களுக்காக வாதாடியதோடு அவர் நிற்கவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே கணக்குக் காட்டி நடத்த வேண்டும் என்று நகரத்தார் பெருமக்களின் ஆதரவைத் திரட்டினார். இந்தியன் வங்கி 1907 மார்ச் 5ல் பதிவாகி, ஆகஸ்ட் 15ல் பாரி கட்டிடத்தில் வேலை தொடங்கியது. சுதந்திர நாளுக்குச் சரியாக 40 ஆண்டுகள் முன்பு!

அய்யர் சென்னை சட்டசபை உறுப்பினராகவும், 1909 முதல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். 1911ல் கவர்னரின் நிர்வாக சபையில் அமர்ந்த அவர், அதே ஆண்டு டிசம்பரில் 48 வயதில் காலமானார். அவர் தொடங்கிய வங்கி 1969ல் அரசுடைமையாகி இன்றும் நடக்கிறது.

இதில் நமக்கென்ன பாடம்? 1990களில் நம் பகுதியிலும் பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. அதிக வட்டிக்கு மயங்கி, தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை நாமும் ஒன்றில் போட்டோம். கம்பெனி பூட்டிக்கொண்டது. பருப்பு மண்டிக்குச் சொன்ன தேதியில் பணம் தர முடியவில்லை. இழந்த தொகையை மூன்று வருடத்தில் சம்பாதித்துவிட்டோம். மண்டியில் பழைய நாணயத்தைப் பெறத்தான் அதைவிட அதிக காலம் ஆயிற்று.

ஆகவே வட்டி எவ்வளவு என்று கேட்குமுன், நம் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2020 முதல் உண்டு. பைனான்ஸ் டெபாசிட்டுக்கும் நகைச்சீட்டுக்கும் அது கிடையாது. சரக்கு வாங்கும் பணத்தை வட்டி ஆசைக்கு விடாதீர்கள். கல்லாவில் இருப்பது பாதி நம்முடையது, பாதி நமக்குக் கடன் கொடுத்தவருடையது.